யங்ஸ்டவுனில் பைபிளும் உருக்காலையும்

(கிளைச் செயலாளர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

இந்த வகுப்பிற்காகக் கிளைகளிலிருந்து எழுதி அனுப்பப்பட்ட கேள்விகளைப் பார்த்தோம். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். வேலையைப் பறிகொடுத்த அமெரிக்கத் தொழிலாளி, கோடீஸ்வரர் டிரம்புக்கு ஏன் ஓட்டுப் போட்டான்? சில தோழர்கள் கேள்வியோடு பதிலையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். "மத மயக்கம்" என்பது ஒரு பதில். "ஜனரஞ்சக அரசியல்" என்பது இன்னொரு பதில். பாப்புலிஸம் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவதைத்தான் நம் பத்திரிகைகள் இப்படி மொழிபெயர்க்கின்றன.

இந்த இரண்டு பதில்களும் போதா என்பது நமது அபிப்பிராயம். மத மயக்கம்தான் காரணம் என்றால், அதே தொழிலாளியின் தகப்பனும் பாட்டனும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை சங்கம் கட்டியது எப்படி? ஆகவே சித்தாந்த வியாக்கியானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு நூறு வருஷக் கதையைப் பார்ப்போம். ஓஹாயோ மாநிலத்தில் மஹோனிங் நதிப் பள்ளத்தாக்கில் உள்ள யங்ஸ்டவுன்தான் அந்த ஊர். 1930-ல் அங்கே 1,70,000 ஜனங்கள். 2020 கணக்கெடுப்பில் 60,000. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நமது விஷயம் இருக்கிறது.

அந்த ஊருக்குப் போகுமுன் பாப்புலிஸ்ட் என்ற வார்த்தையின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட வேண்டும். இன்று இலவச அரிசி கொடுத்தாலும் பாப்புலிஸம், அந்நியனை விரட்டு என்றாலும் பாப்புலிஸம் என்கிறார்கள். முதன்முதலில் அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் கடன்பட்ட விவசாயிகள். விளையப்போகும் பருத்தியைக் கடைக்காரனிடம் முன்கூட்டியே ஈடு வைத்து, விதையும் மாவும் வாங்கித் தின்றவர்கள். 1892 ஜூலை 4-ந் தேதி ஒமாஹா நகரில் கூடி மக்கள் கட்சி என்ற பெயரில் திட்டம் வகுத்தார்கள். ரயில்வேயையும் தந்தியையும் சர்க்கார் ஏற்று நடத்த வேண்டும், வருமானம் கூடக்கூட வரியும் கூட வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வருஷத் தேர்தலில் பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள்.

அந்த இயக்கம் உடைந்தது எதனால்? ஜார்ஜியா மாநிலத்து டாம் வாட்ஸன் கதையே சாட்சி. வெள்ளை விவசாயியையும் நீக்ரோ விவசாயியையும் கொள்ளையடிக்கிறவன் ஒருவனே என்று 1892-ல் மேடைக்கு மேடை முழங்கியவர் அவர். மோசடித் தேர்தல்களில் தோற்ற பிறகு அதே மனிதர் நீக்ரோக்கள் மீதும் யூதர்கள் மீதும் கத்தோலிக்கர்கள் மீதும் விஷம் கக்கும் பத்திரிகை நடத்தினார். 1920-ல் செனட் சபைக்கும் ஜெயித்துப் போனார். மக்களின் பெயரால் பேசுவது ஒன்றுதான். எந்தத் திசையில் கையைக் காட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்று காலங்கள்

இனி யங்ஸ்டவுன். 1916 ஜனவரியில் அங்கே உருக்காலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. ஷீட் அண்ட் டியூப் கம்பெனியின் காவலாட்கள் கூட்டத்தின் மீது சுட்டார்கள். கிழக்கு யங்ஸ்டவுன் கடைத்தெரு எரிந்தது. அந்தக் கிழக்கு யங்ஸ்டவுனுக்குப் பின்னால் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? காம்ப்பெல். அந்தக் கம்பெனித் தலைவரின் பெயர்!

ஆலைகளில் வேலை செய்தவர்கள் இத்தாலியர், ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், ஐரிஷ்காரர், தெற்கிலிருந்து வந்த நீக்ரோக்கள். பாதிப்பேர் கத்தோலிக்கர். 1920-களில் கு க்ளக்ஸ் க்ளான் இந்தப் பள்ளத்தாக்கில் வேர்விட்டது. வெள்ளை புராட்டஸ்டண்டு அமெரிக்காவைக் காப்போம், குடியை ஒழிப்போம், கத்தோலிக்கனை அடக்குவோம் என்பது அதன் கோஷம். 1923-ல் க்ளான் ஆதரித்த ஆள் யங்ஸ்டவுன் மேயரானார். 1924 நவம்பர் 1-ந் தேதி பக்கத்து நைல்ஸ் ஊரில் க்ளான் ஊர்வலம் கிளம்பியபோது, இத்தாலியத் தொழிலாளரும் ஐரிஷ் தொழிலாளரும் மறித்தார்கள். துப்பாக்கிச் சண்டை, ராணுவம் வந்தது. இரண்டு தரப்பிலும் சிலுவை இருந்தது. ஆலை முதலாளிக்கு அந்த வருஷங்களில் சங்கத் தொல்லை இருக்கவில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து, 1937-ல், அதே தொழிலாளர்கள் ஒன்றாக மறியல் செய்தார்கள். சிறு உருக்குக் கம்பெனிகளின் வேலைநிறுத்தம் என்று சரித்திரத்தில் பெயர். ஜூன் 19-ந் தேதி இரவு யங்ஸ்டவுன் ரிபப்ளிக் ஆலை வாசலில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, இருவர் மாண்டார்கள். பக்கத்து வாரன் நகரத்தில் அந்தப் போராட்டத்தை ஸ்தாபன ரீதியாக நடத்தியவர்களில் ஒருவர் கஸ் ஹால். பிற்காலத்தில் அமெரிக்கக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தவர். அந்த வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. ஆனால் ஐந்தே வருஷத்துக்குள் கம்பெனிகள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டி வந்தது. 1924-ல் இருந்த பைபிளும் 1937-ல் இருந்த பைபிளும் ஒன்றே. நடுவில் வந்தது சங்கம்.

முதலாளிகளும் கற்றுக்கொண்டார்கள்

தொழிலாளி சங்கம் கட்டக் கற்ற அந்தக் காலத்தில் முதலாளியும் ஒன்று கற்றுக்கொண்டான். 1935-ல் ரூஸ்வெல்ட் சர்க்கார் சங்க உரிமைச் சட்டமும் முதுமைக் காலப் பாதுகாப்புச் சட்டமும் கொண்டுவந்தது. முதலாளிகள் தங்கள் வாயால் இதை எதிர்த்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். வேறு வாய் வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் பணக்காரச் சபை ஒன்றின் பாதிரியார் ஜேம்ஸ் ஃபிபீல்டு அந்த வாயைக் கொடுத்தார். சர்க்கார் ஏழைக்கு உதவினால் அது அரசாங்கத்தைக் கடவுள் ஸ்தானத்தில் வைக்கும் விக்கிரக ஆராதனை என்று பிரசங்கம் செய்தார். சன் எண்ணெய்க் கம்பெனி முதலாளி ஹோவர்டு பியூ போன்றவர்கள் பணம் கொட்டினார்கள். உற்பத்தியாளர் சங்க மாநாட்டிலேயே 1940-ல் அவர் பேசினார். பணக்காரனுக்கும் ஊசியின் காதுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி அங்கே என்ன சொன்னார் என்று கேட்க நமக்கும் ஆசைதான்!

பிறகு 1954-ல் கொடி வணக்க உறுதிமொழியில் கடவுள் பெயர் நுழைக்கப்பட்டது. 1956-ல் கடவுளை நம்புவதே தேசிய மந்திரமாயிற்று. அந்த உறுதிமொழியை 1892-ல் எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. அவர் ஒரு பாதிரியார். அதோடு கிறிஸ்தவ சோஷலிஸ்டு. பாதிரியார் எழுதியபோது அதில் கடவுள் இல்லை. கடவுளைச் சேர்த்தது கம்யூனிஸ எதிர்ப்பு வெறி ஆண்ட அமெரிக்க காங்கிரஸ்.

கருப்புத் திங்கள்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். 1969-ல் யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனியை லைக்ஸ் என்ற கப்பல் கம்பெனி விலைக்கு வாங்கியது. ஆலையின் பணத்தைத் தன் கடனுக்குத் திருப்பியது, இயந்திரங்களைப் புதுப்பிக்கவில்லை. பால் கறந்தார்கள், தீவனம் போடவில்லை. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை காலை, காம்ப்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று.

அப்போது தொழிலாளர் பக்கம் முன்னுக்கு வந்து நின்றவர்கள் யார்? பாதிரிமார்கள். கத்தோலிக்க பிஷப் ஜேம்ஸ் மலோன், எபிஸ்கோப்பல் சபை பிஷப் ஜான் பர்ட், மற்றப் புராட்டஸ்டண்டு சபையினர், யூத குருமார், எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தார்கள். ஆலை மூடல் என்பது கம்பெனியின் கணக்குப் புத்தக விஷயம் மட்டுமல்ல, ஊரைக் கேட்காமல் ஊரின் வாழ்வை அறுப்பது தர்மத்துக்கு விரோதம் என்று அறிக்கை விட்டார்கள். அறிக்கையோடு நிற்கவும் இல்லை. தொழிலாளரும் ஊராரும் சேர்ந்து அந்த ஆலையை வாங்கி நடத்தத் திட்டம் போட்டார்கள். "பள்ளத்தாக்கைக் காப்போம்" என்று பாங்கியில் கணக்குத் திறந்து, ஜனங்களிடம் சேமிப்பைப் போடச் சொன்னார்கள். போட்டார்கள். ஸ்டாட்டன் லிண்டு என்ற சரித்திர ஆசிரியர் வக்கீலுக்குப் படித்து அவர்களுக்காக வாதாடினார்.

தோழர்களே, இதை நிதானித்துக் கேளுங்கள். அமெரிக்காவின் நடுமத்தியில், பிஷப்புகளின் தலைமையில், ஆலையை மக்கள் உடைமையாக்கும் இயக்கம்! மதம் என்றாலே மயக்கம் என்று எழுதிய தோழர் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

அந்தத் திட்டத்துக்கு வேண்டியிருந்தது சர்க்காரின் கடன் ஜாமீன். அப்போது ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். டெமாக்ரட்டிக் கட்சிக்காரர், தொழிலாளர் ஓட்டு வாங்கியவர், போதாக்குறைக்கு, ஞாயிறு பள்ளியில் பைபிள் வகுப்பு எடுத்த நிஜமான பக்தர். 1979-ல் அவருடைய சர்க்கார் ஜாமீன் மறுத்தது. அதே வருஷக் கடைசியில் கிரைஸ்லர் மோட்டார் கம்பெனிக்கு 150 கோடி டாலர் வரை ஜாமீன் கொடுக்கச் சட்டம் நிறைவேறியது. கம்பெனி கேட்டால் ஜாமீன். தொழிலாளரும் பிஷப்பும் சேர்ந்து கேட்டால் கிடையாது. பக்தியில் குறைவில்லாத அந்த மனிதரின் ஆட்சியில் வர்க்க நலன் பக்தியைக் கேட்கவில்லை.

அத்துடன் முடிந்ததா? 1979 நவம்பரில் யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனியும் யங்ஸ்டவுன் ஆலைகளை மூடுவதாகச் சொன்னது. 1980 ஜனவரியில் தொழிலாளர்கள் அந்தக் கம்பெனியின் ஆபீஸுக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். ஆலையைப் புதுப்பிக்கப் பணமில்லை என்ற அதே கம்பெனி 1982-ல் 600 கோடி டாலருக்கு மேல் கொடுத்து மாரத்தான் எண்ணெய்க் கம்பெனியை வாங்கியது. அந்த வருஷமே யங்ஸ்டவுன் ஊதுலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

கார்ட்டர் ஜாமீன் மறுத்த 1979-ல்தான் வர்ஜீனியாவில் பாதிரியார் ஜெர்ரி ஃபால்வெல் "ஒழுக்கப் பெரும்பான்மை" என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். குடும்பம், பிரார்த்தனை, கருச்சிதைவு எதிர்ப்பு, கூடவே தடையற்ற வியாபாரம்! ரீகன் ஜெயித்தார். 1981-ல் பணக்காரர் மீதான உச்ச வருமான வரி 70 சதவிகிதத்திலிருந்து 50 ஆயிற்று. அதே வருஷம் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார். அவர்களுடைய சங்கம் தேர்தலில் ரீகனை ஆதரித்திருந்தது! பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கான அரசியல் சட்டத் திருத்தமோ 1984-ல் செனட்டில் விழுந்தது. பக்தர்கள் கேட்ட கருச்சிதைவுத் தீர்ப்பு 2022-ல்தான் வந்தது. முதலாளிகள் கேட்ட வரிக்குறைப்பு எத்தனை மாதத்தில் வந்தது என்று பாருங்கள்.

ஜப்தி செய்யாத ஷெரீப்

ஆலை போன ஊரில் வீட்டுக்கடன் தவணை நிற்கும். பாங்கி ஜப்திக்கு வரும். ஜப்தி உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர் மாவட்ட ஷெரீப். மஹோனிங் மாவட்ட ஷெரீப் ஜேம்ஸ் டிராஃபிகண்ட், வேலை போனவனின் வீட்டை ஏலம் போட முடியாது என்று மறுத்துவிட்டார். கோர்ட் அவமதிப்புக்காக ஜெயிலுக்கும் போனார். ஜனங்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1984-ல் அமெரிக்க காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். பதினேழு வருஷம் அங்கே உட்கார்ந்து அந்நிய வியாபாரத்தையும் வரி இலாக்காவையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். 2002-ல் லஞ்ச வழக்கில் தண்டனை; சபையிலிருந்தே வெளியேற்றினார்கள். ஜெயிலில் இருந்தபடியே மீண்டும் தேர்தலுக்கு நின்றார். அப்போதும் நூற்றுக்குப் பதினைந்து பேர் ஓட்டுப் போட்டார்கள்!

இவரைப் பார்த்துப் படித்தவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்க மாட்டோம். சர்க்கார் கைவிட்டது, கம்பெனி கைவிட்டது, சங்கத்தின் தேசியத் தலைமையும் ஒதுங்கியே நின்றது, இந்த ஒரு மனிதர் ஏலத்தை நிறுத்தினார். அந்த நன்றி பொய்யல்ல. அந்த நன்றியை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் பாப்புலிஸத்தின் கதை. தலைவனிடம் வீட்டைக் காப்பாற்றக் கேட்டார்கள். தங்கள் கையில் ஒரு ஸ்தாபனம் மிஞ்சவில்லை.

இதற்கிடையில் 1993-ல் டெமாக்ரட்டிக் கட்சி ஜனாதிபதி கிளிண்டன் வட அமெரிக்க வியாபார ஒப்பந்தத்தைச் சட்டமாக்கினார். 2000-ல் அமெரிக்கா முழுவதும் 170 லட்சத்துக்கு மேல் இருந்த ஆலை வேலைகள் 2010-ல் 120 லட்சத்துக்கும் கீழே போயின. 2016-ல் யங்ஸ்டவுனை ஒட்டிய டிரம்புல் மாவட்டம் டிரம்புக்கு ஓட்டுப் போட்டது. 1972-க்குப் பிறகு ரிபப்ளிக்கன் கட்சி அங்கே ஜெயித்தது அதுவே முதல் தடவை.

2017 ஜூலையில் டிரம்ப் யங்ஸ்டவுனுக்கு வந்தார். ஊரைவிட்டுப் போகாதீர்கள், வீட்டை விற்காதீர்கள், வேலைகள் எல்லாம் திரும்பி வரும் என்றார். பாருங்கள், அங்கேயும் வீடுதான்! அந்த டிசம்பரில் கம்பெனிகளின் வரியை 35 சதவிகிதத்திலிருந்து 21 ஆகக் குறைத்தார். 2018 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், டிரம்புல் மாவட்டத்திலேயே உள்ள லார்ட்ஸ்டவுன் கார் ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அன்று அதன் பங்கு விலை ஏறியது. 2019 மார்ச்சில் கடைசிக் கார் வெளிவந்தது. வீட்டை விற்காதவர்கள் மிசூரிக்கும் டென்னஸிக்கும் வேலை தேடிப் போனார்கள். ஆலைக் கட்டிடம் பின்பு கைமாறி, 2022-ல் ஃபாக்ஸ்கான் கம்பெனியிடம் வந்தது. நமது ஸ்ரீபெரும்புதூர்த் தோழர்களுக்கு நன்றாகத் தெரிந்த கம்பெனிதான்.

ஆனால் 2020-ல் டிரம்புல் மாவட்டம் மறுபடியும் டிரம்புக்கே ஓட்டளித்தது. யங்ஸ்டவுன் இருக்கும் மஹோனிங் மாவட்டமும் இந்த முறை சேர்ந்துகொண்டது. ஏமாற்றியது தெரியாதா? தெரியும். ஆனால் எதிர்க்கட்சி அதற்கு முன்பே ஏமாற்றியதும் தெரியும். 1979 அவர்களுக்கு மறக்கவில்லை. இரண்டு பேரும் வீட்டைக் காக்கவில்லை. ஒருவராவது உன் கோயிலை மதிக்கிறேன் என்கிறார். அந்த மரியாதைக்குத் தொழிலாளி எவ்வளவு விலை கொடுக்கிறான் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டும் ஆள் பக்கத்தில் இல்லாதபோது, மரியாதையாவது கிடைக்கட்டும் என்று போகிறான்.

அந்த மதிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சங்கதி. 2024 மார்ச்சில் டிரம்ப் தன் சிபாரிசுடன் ஒரு பைபிளை விற்கச் செய்தார். விலை 59 டாலர் 99 சென்டு. சீனப் பொருளுக்கு வரி போடுவேன் என்று முழங்கிய இவரின் பைபிள்கள் ஏராளமாகச் சீனாவில் அச்சானவை என்று அந்த வருஷமே செய்தி ஸ்தாபனங்கள் வெளியிட்டன!

ஐரோப்பாவிலும் இதே நாடகம்தான். கிறிஸ்தவ நாகரிகத்தின் காவலன் என்று மார்தட்டிய ஹங்கேரியின் ஓர்பன் சர்க்கார், 2018 டிசம்பரில் தொழிலாளியின் வருஷாந்தர ஓவர்டைம் உச்சவரம்பை 250 மணியிலிருந்து 400 மணியாக்கியது. அதற்கான கூலியைக் கணக்குத் தீர்க்க மூன்று வருஷம் வரை அவகாசமும் கொடுத்தது. அடிமைச் சட்டம் என்று தொழிலாளர்கள் பெயர் வைத்தார்கள். ஆனால் போலந்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மதவாதக் கட்சி 2016-ல் இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 500 ஸ்லோட்டி கொடுத்தது. ஏழைத் தாயின் கைக்குப் பணம் வந்தது. இதைச் சொல்லாமல் மறைத்துப் பேசுகிற தோழரை அந்தத் தாய் நம்ப மாட்டாள்.

710-க்கு 16

மறுபடி லார்ட்ஸ்டவுனுக்கே வருவோம். மூடிய கார் ஆலைக்குப் பக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் கொரியாவின் எல்ஜி கம்பெனியும் கூட்டாக ஒரு பாட்டரி ஆலை கட்டின. புது ஆலை, சங்கம் இல்லை, பழைய ஆலையைவிடக் குறைந்த கூலி. 2022 டிசம்பரில் அங்கே சங்கம் வேண்டுமா என்று ரகசிய ஓட்டு எடுத்தார்கள். வேண்டும் என்று 710 பேர். வேண்டாம் என்று 16 பேர்.

அடுத்த வருஷம், 2023 செப்டம்பரில், மோட்டார் தொழிலாளர் சங்கம் மூன்று பெரிய கம்பெனிகளிலும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு வாரம் நடத்தியது. அதன் தலைவர் ஷான் ஃபெயின், பாட்டியின் பைபிளோடு வளர்ந்தவர். மலையை நகர்த்தும் விசுவாசத்தைப் பற்றியும், ஊசிக் காதில் நுழைய முடியாத ஒட்டகத்தைப் பற்றியும் வேலைநிறுத்தப் பேச்சிலேயே சொன்னார். ஃபிபீல்டு பாதிரியார் தாண்டிப்போன அதே இடம்! நாலரை வருஷ ஒப்பந்தத்தில் 25 சதவிகிதக் கூலி உயர்வு கிடைத்தது. பாட்டரி ஆலைத் தொழிலாளருக்கும் 2024 ஜூனில் தனி ஒப்பந்தம் வந்தது.

அதே 2024 நவம்பரில் டிரம்புல் மாவட்டம் மூன்றாவது தடவையும் டிரம்புக்கு ஓட்டுப் போட்டது. 2025 ஜூலையில் அவர் கையெழுத்திட்ட சட்டம் வரிச்சலுகையை நீட்டித்தது. ஏழைகளின் வைத்திய உதவியை வெட்டியது. அந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலாக வைத்தியக் காப்பு இழப்பார்கள் என்பது அமெரிக்க காங்கிரஸின் சொந்த வரவு செலவு அலுவலகம் போட்ட கணக்கு.

710 பேர் சங்கத்துக்கு ஓட்டுப் போட்ட ஊரும் அதுதான்; டிரம்புக்கு ஓட்டுப் போட்ட மாவட்டமும் அதுதான். இரண்டு பெட்டியிலும் ஓட்டுப் போட்ட ஆட்கள் நிச்சயமாக இருப்பார்கள். அந்த ஆளிடம் நாம் பேச நேர்ந்தால் முதல் வார்த்தை என்ன பேசுவோம், அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியா, திங்கட்கிழமையைப் பற்றியா என்பதைப் பிற்பகல் விவாதத்தில் ஒவ்வொரு கிளையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்குக் கூடுவோம்.